கிளிமஞ்சாரோவுக்குப் புறப்படும் அண்ணாமலை நகர் இளைஞர்களுக்கு

அன்பார்ந்த இளைஞர்களே,



வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஆலய கோபுரங்களையன்றி அண்ணாந்து பார்ப்பதற்கு வேறு உயரமே இல்லாத இந்த வண்டல் சமவெளியில் பிறந்து வளர்ந்த நீங்கள், ஆப்பிரிக்கக் கண்டத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய கிளிமஞ்சாரோவின் தலைமீது, கடல் மட்டத்துக்கு மேல் 5,895 மீட்டர் உயரத்தில், நின்றே தீருவது என்று சங்கற்பம் செய்துகொண்டு பணம் சேர்த்து வருகிறீர்கள் என்ற செய்தி காதில் விழுந்தபோது, பாறைகளையும் எரிமலைகளையும் கரும்பலகையில் வரைந்து காட்டியே காலம் கழித்த பழைய பூகர்ப்ப சாஸ்திர ஆசிரியனாகிய எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமன்று. ஆனால் உங்களுள் ஒருவர் கொண்டுவந்து காட்டிய விலைத்தாளைப் படித்து முடித்ததும் அந்தச் சந்தோஷத்தோடு கவலையும் சேர்ந்துகொண்டது. மராங்கு வழி, ஐந்தே நாள், எங்கும் கிடைக்காத சலுகை விலை என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. உங்களை வீட்டுக்கு அழைத்து இதைப்பற்றிப் பேசியிருக்கலாம். ஆயினும் கடலூரிலும் விருத்தாசலத்திலும் பண்ருட்டியிலும் இதே மாதிரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால், எல்லாருக்குமாகப் பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

போகாதீர்கள் என்று சொல்வதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. கடலூர் மணற்கல்லையும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் தவிர வேறு பூமியின் உள்ளுறுப்புகளை நேரில் காணாத நம் பிள்ளைகள், பூமி பிளந்து அக்கினியைக் கக்கிய இடத்தைத் தங்கள் காலால் மிதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. கவலை முழுவதும் அந்த ஐந்து நாளைப்பற்றியது, அந்தச் சலுகையைப்பற்றியது.

முதலில் அந்தச் சலுகை எங்கிருந்து வருகிறது என்பதை என்னோடு சேர்ந்து யோசித்துப் பாருங்கள். கிளிமஞ்சாரோ ஒரு தேசியப் பூங்கா; அதனுள் செலவிடும் ஒவ்வொரு நாளுக்கும், தங்கும் ஒவ்வொரு இரவுக்கும், தான்சானியா அரசாங்கம் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் விதித்திருக்கிறது; இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு நூறு டாலரைத் தாண்டிவிடும். அதில் எந்த நிறுவனமும் பேரம் பேச முடியாது, ஒரு காசு குறைக்கவும் முடியாது. அரிசி, மாவு, காய்கறி, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் விலை கடையில் எல்லாருக்கும் ஒன்றுதான். அப்படியிருக்க, ஒரு நிறுவனம் மற்றவர்களைவிடப் பெருந்தொகை குறைத்துத் தருகிறதென்றால் அது கைவைக்கக்கூடிய இடங்கள் இரண்டே. ஒன்று, நீங்கள் மலையில் தங்கும் நாட்களைக் குறைப்பது. மற்றொன்று, உங்கள் சுமையைத் தூக்கி வருகிறவனுடைய கூலியையும் சோற்றையும் குறைப்பது. நீங்கள் மிச்சப்படுத்தியதாக நினைக்கும் தொகையில் ஒரு பாகத்தை உங்கள் நுரையீரலும் மறு பாகத்தை முன்பின் அறியாத ஓர் ஏழையின் வயிறும் செலுத்துகின்றன.

அந்த ஐந்து நாட்களைத் தாளில் உள்ளபடியே எடுத்துக்கொள்வோம். முதல் இரவு மந்தாரா குடில், சுமார் 2,700 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான் என்பதை நினைவில் வையுங்கள். நம் தென்னாட்டுப் பர்வதங்களின் உச்சி எதுவோ அது உங்களுக்கு அங்கே முதல் நாள் படுக்கையறை. இரண்டாம் இரவு ஹொரொம்போ, சுமார் 3,700 மீட்டர். மூன்றாம் இரவு கிபோ குடில், சுமார் 4,700 மீட்டர். அங்கே அரைகுறையாகக் கண்ணயர்ந்து, நள்ளிரவில் எழுந்து, விடியும்போது சிகரம். மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனபின் படுக்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்றும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரு நாள் நின்று இளைப்பாற வேண்டும் என்றும் மலை மருத்துவம் அறிந்தவர்கள் வற்புறுத்துகிறார்கள். உங்கள் தாளோ நாளைக்கு ஆயிரம் மீட்டர் ஏறச் சொல்கிறது. இளைப்பாறும் நாள் என்று ஒன்று அதில் இல்லவே இல்லை.

உயரத்தில் பிராணவாயு குறைந்துவிடுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். காற்றில் அதன் விகிதம் எங்கும் ஒன்றே. குறைவது காற்றின் அழுத்தம். நம் ஊரில் நுரையீரலுக்குள் பிராணவாயுவைத் தள்ளும் அழுத்தம் அச்சிகரத்தில் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. இந்தக் குறையை ஈடுகட்ட உடம்புக்குத் தெரியும். மூச்சை ஆழமாக்கும், இரத்தத்தின் குணத்தை மெல்ல மாற்றிக்கொள்ளும். ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். அவகாசம் கொடுக்காமல் ஏறுகிறவனுக்கு முதலில் தலைவலியும் குமட்டலும் தூக்கமின்மையும் வரும். அதையும் பொருட்படுத்தாமல் மேலே போனால் நுரையீரலில் நீர் கோத்து, படுத்திருக்கும்போதே மூச்சு முட்டும், அல்லது மூளை வீங்கி, கோடு கிழித்தாற்போல் நேராக நடக்க முடியாமல் கால் தள்ளாடும். இவ்விரண்டும் உயிரைக் கொண்டுபோகக்கூடியவை. இரண்டுக்கும் உடனடிப் பரிகாரம் கீழே இறங்குவதுதான். டயமாக்ஸ் மாத்திரை இருக்கிறதே என்று உங்களுள் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. வைத்தியரைக் கலந்துகொண்டு சாப்பிட்டால் அது உடம்பு பழகுவதற்குத் துணை செய்யும். பழகுவதற்குரிய நாட்களையே கொடுக்காதவனுக்கு அது என்ன செய்துவிட முடியும்?

நீங்கள் வாலிபர்கள், விடியற்காலையில் பல்கலைக்கழக மைதானத்தில் வியர்க்க வியர்க்க ஓடுகிறவர்கள், ஆகையால் இந்த நியாயமெல்லாம் கிழவர்களுக்கு என்று நினைக்கலாம். மார்ட்டினா நவரதிலோவாவின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். டென்னிஸில் ஒற்றையர் பிரிவில் மட்டும் பதினெட்டு கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வென்ற வீராங்கனை. ஆயுள் முழுவதும் தேகப் பயிற்சியே தொழிலாகக் கொண்ட அந்த அம்மையார் 2010 டிசம்பரில் இதே கிளிமஞ்சாரோவில் ஏறிக்கொண்டிருந்தபோது நுரையீரலில் நீர் கோத்து, சுமையாளர்களால் தூக்கி இறக்கப்பட்டு, நைரோபியில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். தேக பலம் மலை நோய்க்குக் கவசமாகாது. பலசாலிகளுக்கு ஒருவகையில் அபாயம் அதிகம் என்றுகூடச் சொல்வேன். ஏனெனில் கால் சளைக்காதவன் வேகமாக ஏறிவிடுகிறான், அவன் இரத்தமோ பின்தங்கிவிடுகிறது.

இங்கேதான் வழிகாட்டியின் பெருமை விளங்குகிறது. அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் அந்த மலையில் ஏற அந்நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. காலையும் மாலையும் உங்கள் விரலில் கருவியை மாட்டி இரத்தத்தில் பிராணவாயுவின் அளவைப் பார்ப்பவர் அவர். சாப்பாட்டுத் தட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தீர்கள் என்று ஓரக்கண்ணால் கவனிப்பவர் அவர். கடைசி இரவில், குளிரில் உதடு விறைத்துப்போய் நீங்கள் ஒரு வார்த்தை குழறினால், அது களைப்பின் குழறலா மூளை வீக்கத்தின் குழறலா என்று பகுத்தறிய வேண்டியவரும் அவரே. அந்த உயரத்தில் தன் நிலை தனக்கே தெரியாது. போதை ஏறியவன் தான் தெளிவாக இருப்பதாகச் சத்தியம் செய்வதைப் போல, இறங்க வேண்டியவன்தான் ஏறியே தீருவேன் என்று அடம் பிடிப்பான். இவ்வளவு பணம் கட்டிவிட்டேனே, ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேனே என்று அவன் வாதாடும்போது, மலிவு விலை நிறுவனத்தில் சொற்பச் சம்பளமும் உங்கள் இனாமுமே கதியென்று இருக்கும் வழிகாட்டிக்கு உங்களை மறுத்துப் பேசும் தைரியம் எங்கிருந்து வரும்? இல்லையென்று சொல்லும் சுதந்திரம் உள்ள வழிகாட்டி வேண்டுமானால் அவருக்கு நியாயமான ஊதியம் கொடுக்கும் நிறுவனத்தைத்தான் நீங்கள் நாட வேண்டும்.

இனி இரண்டாவது விஷயம். இதைத்தான் நீங்கள் பொறுமையோடு கேட்க வேண்டுமென்று மிகவும் விரும்புகிறேன். கூடாரம் அடித்துத் தங்கும் வழிகளில் யாத்திரிகர் ஒருவருக்கு மூன்று நான்கு பேர் வீதம் சுமையாளர்கள் வருகிறார்கள். உங்கள் பை, கூடாரம், சமையல் பாத்திரம், மேஜை, நாற்காலி, ஏன், கழிப்பிடக் கூடாரம்கூட அவர்கள் தலையிலும் தோளிலும்தான் மேலே வருகிறது. ஒருவர் இருபது கிலோவுக்கு மேல் சுமக்கக்கூடாது என்பது பூங்காவின் விதி. நுழைவாயிலில் தராசு தொங்கவிட்டு ஒவ்வொரு மூட்டையாக எடை பார்க்கிறார்கள். விதியைக் காப்பாற்றுகிற நிறுவனங்களும் உண்டு. தராசைத் தாண்டியபின் வளைவில் காத்திருந்து இரண்டு மூட்டையை ஒன்றாக்குகிறவர்களும் உண்டு.

நான் அம்மலையில் ஏறியபோது கண்ட ஒரு காட்சியை உங்களிடம் சொல்ல வேண்டும். மச்சாமே வழியில் கரங்கா பள்ளத்தாக்கின் ஓடைதான் கடைசித் தண்ணீர். அதற்கு மேலே, சிகரத்துக்குப் புறப்படும் பராஃபூ முகாமில், சுமார் 4,670 மீட்டர் உயரத்தில், பாறையும் காற்றுமே தவிர ஒரு சொட்டு நீர் கிடையாது. அங்கே நீங்கள் குடிக்கும் ஒவ்வொரு குவளைத் தேநீரும் கரங்காவிலிருந்து ஒருவன் தலையில் ஏறி வந்தது. வேறொரு நிறுவனத்தைச் சேர்ந்த இளைஞன் ஒருவன், உங்கள் வயதுதான் இருக்கும், மஞ்சள் நிற பிளாஸ்டிக் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். ஒரு செருப்பின் அடி பிய்ந்து, நைலான் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தது. எனக்கு வழிவிடுவதற்காக அவன் பாதையோரக் கல்லில் ஏறி நின்றபோது கேன் ததும்பிப் பிடரியில் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. அன்றிரவு அவனை மறுபடியும் பார்த்தேன். அவர்களுடைய யாத்திரிகர்கள் சாப்பாட்டுக் கூடாரத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, அவனும் வேறு நால்வரும் வெளியே காற்றுக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்தார்கள். யாத்திரிகர்கள் எழுந்து போனால்தான் இவர்கள் அதே தரையில் படுக்கலாம்; இவர்களுக்கென்று வேறு கூடாரம் இல்லை. உள்ளே இருந்தவர்கள் கொடியவர்கள் அல்லர். வெளியே யார் காத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும்படி யாரும் அவர்களைக் கேட்டுக்கொண்டதும் இல்லை. உங்களை நான் கேட்டுக்கொள்கிறேன்.

இது நமக்குப் புரியாத அநீதியன்று. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், பண்ருட்டி முந்திரித் தோப்புகளில் கூலிக்கு உழைத்தவர்களும் உங்களுள் பலருடைய பாட்டனார்களாகவும் தகப்பனார்களாகவும் இருக்கிறார்கள். அன்றைய கூலியைப் பாதியாக்கி மீதியை நாளை பார்க்கலாம் என்று கணக்குப்பிள்ளை சொன்னால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று உங்கள் தாய்மார்களுக்கு நன்றாகத் தெரியும். பிழைப்புக்காகச் சுமந்தவர்களின் சந்ததியார், உல்லாசத்துக்காகப் போகும் இடத்தில், மற்றொரு தேசத்துச் சுமையாளனின் கூலியைக் குறைத்து அதன் பெயர் சலுகை என்று சொல்லிக்கொள்வது தர்மமாகுமா?

உலகம் இந்த விஷயத்தில் சிறிது விழித்துக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலையடிவாரத்து மோஷி நகரில் 2003 முதல் கிளிமஞ்சாரோ சுமையாளர் உதவித் திட்டம் என்றோர் அமைப்பு நடந்து வருகிறது. குளிருக்குத் தகுந்த உடையில்லாத சுமையாளர்களுக்கு அது உடைகளை இரவல் கொடுக்கிறது. கூலி, உணவு, படுக்கும் கூடாரம், சுமையின் எடை ஆகியவற்றை ஒழுங்காகக் கவனிக்கச் சம்மதித்துச் சோதனைக்கு உட்படும் நிறுவனங்களைத் தன் பங்காளிகளாகப் பட்டியலிட்டு வெளியிடுகிறது. அந்தப் பட்டியலைப் பார்ப்பதற்கு உங்களுக்குக் கால்மணி நேரம் போதும். 1889 அக்டோபர் 6-ஆம் தேதி ஹான்ஸ் மேயர், லுட்விக் பூர்ட்ஷெல்லர் என்ற இருவரும் முதன்முதலாக அந்தச் சிகரத்தை அடைந்தார்கள் என்று சரித்திரம் சொல்கிறது. அவர்களுடைய கூடாரத்தையும் சோற்றையும் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் பலருடைய பெயர் அதில் இல்லை. பெயரை இப்போது நம்மால் மீட்க முடியாது; கூலியையாவது ஒழுங்காகக் கொடுக்கலாம்.

அயல்நாட்டு மலையைப்பற்றி ஏன் இத்தனை பிரசங்கம் என்று கேட்பீர்களானால், நம் நாட்டு மலையொன்றை ஞாபகப்படுத்துகிறேன். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத் தீயில் சிக்கி இருபத்துமூன்று உயிர்கள் மாண்டன. பெரும்பாலோர் உங்களைப் போல் படித்த, உற்சாகமுள்ள யுவதிகளும் இளைஞர்களும். அனுமதி யார் கொடுத்தது, அழைத்துச் சென்றவர்களுக்கு என்ன பயிற்சி என்ற கேள்விகளை அந்தப் பிள்ளைகள் எரிந்து கருகிய பிறகே நாம் கேட்டோம். அதன்பின் மாநில அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது பாதைகளைத் தேர்ந்தெடுத்து, மலைவாழ் மக்களிலிருந்தும் காட்டோரக் கிராமத்தாரிலிருந்தும் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களையே வழிகாட்டிகளாக அமர்த்தியது. கேள்வி கேட்க வேண்டிய காலம் புறப்படுவதற்கு முன்புதான் என்பது இவ்வளவு விலை கொடுத்து நாம் கற்ற பாடம். அதைக் கடல் கடந்து போகும்போது மறந்துவிடக்கூடாது.

கிளிமஞ்சாரோவின் பனி உருகி மறைவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரமும் உங்களிடம் இருக்கிறது. 1912-இல் அளந்த பனிப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இப்போது இல்லை என்பது உண்மையே. ஆனால் ஒரு நூற்றாண்டாகத் தேய்ந்து வரும் பனி, நீங்கள் இன்னும் ஓர் ஆண்டு பொறுத்துப் பணம் சேர்ப்பதற்குள் முற்றிலும் மறைந்துவிடாது. தவிர, அவசரமாகப் போகிறவன் பார்ப்பது என்ன? எட்டு நாள் எடுத்துக்கொண்டு லெமோஷோ வழியில் போனீர்களானால், மழைக்காட்டைக் கடந்து, பழைய எரிமலையாகிய ஷிராவின் பீடபூமியில் மெல்ல நடந்து, எரிமலைக் குழாயில் உறைந்து நின்ற பாறைத்தூணாகிய லாவா கோபுரத்தைச் சுமார் 4,600 மீட்டரில் தொட்டு, இரவுக்குள் அறுநூறு மீட்டருக்கு மேல் இறங்கிப் பரங்கோ பள்ளத்தாக்கில் தூங்குவீர்கள். உயர ஏறித் தாழப் படுப்பது என்ற அந்த ஒரு நாளின் ஏற்பாடுதான் உங்கள் இரத்தத்துக்கு அளிக்கப்படும் சிறந்த பயிற்சி. ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு வளர்ந்து தலையில் இலைக்கொத்து சூடிய செனேசியோ மரங்களை அங்கே பார்ப்பீர்கள்; கிழக்கே கூர்மையாக உடைந்து நிற்கும் மவென்சிச் சிகரத்தையும், எரிமலையாகிய கிபோவின் வாய்க்குள் இன்னும் கந்தகம் மணக்கும் உட்குழியையும் பற்றி வழிகாட்டியிடம் விசாரிக்கத் தெம்பும் நிதானமும் இருக்கும். தலைவலியோடு ஓடுகிறவனுக்கு முன்னால் போகிறவனுடைய குதிகாலன்றி வேறு தரிசனம் கிடைப்பதில்லை.

ஆகவே நான் உங்களிடம் வேண்டுவது இதுதான். அந்த விலைத்தாளுக்கு முன்பணம் கட்டாதீர்கள். பயணத்தைத் தள்ளிவைக்க நேர்ந்தாலும் பாதகமில்லை. மச்சாமே வழியானால் ஏழு நாளுக்கும், லெமோஷோ வழியானால் எட்டு நாளுக்கும் குறையாத ஏற்பாட்டையே தேர்ந்தெடுங்கள். மராங்குதான் என்று பிடிவாதமிருந்தால் ஹொரொம்போவில் இரண்டாவது இரவைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் மார்ச் தொடக்கம்வரையிலும் ஜூன் முதல் அக்டோபர்வரையிலும் மழை குறைந்த காலம் என்பதால் அதற்குள் நாள் குறியுங்கள். அதுவரைக்கும் இருக்கவே இருக்கிறது செஞ்சி. ராஜகிரிக் கோட்டையின் படிகளில் முதுகில் சுமையோடு ஏறி இறங்குங்கள். பிறகு முறையான அனுமதியோடு மேற்குத் தொடர்ச்சி மலையில் நடந்து பழகுங்கள். எந்த நிறுவனமானாலும் சுமையாளருக்கு நாள் கூலி எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை வேளை உணவு, அவர்கள் படுக்கத் தனிக் கூடாரம் உண்டா, நீங்கள் தரும் இனாம் அவர்கள் கைக்கே போய்ச் சேருகிறதா என்ற கேள்விகளுக்கு எழுத்து மூலம் பதில் வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவர்களை விட்டு விலகுங்கள்.

மலைக்குப் புறப்படும் முன், திரும்பு என்று வழிகாட்டி சொன்னால் சிகரம் கண்ணெதிரே இருந்தாலும் மறுபேச்சின்றித் திரும்புவோம் என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்து, அந்த வாக்கை உங்கள் பெற்றோரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். இவ்வளவும் செய்தால் செலவு கூடும், எனக்குத் தெரியும். கூடுகிற அந்தத் தொகைதான் இந்தப் பயணத்தின் உண்மையான விலை. அதைக் கொடுக்க இப்போது முடியாதென்றால், முடியும் காலம்வரை பொறுங்கள். அடுத்தவன் கொடுக்கும்படி விட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
பழைய ஆசிரியன்,
அண்ணாமலை நகர்.